மேட்டைத் தாண்டிப் போன புளிச்சோறு

வெளிநாடு போய் வந்தவர்கள் கப்பலைப் பற்றி எழுதுகிறார்கள். நான் போன வெளிநாட்டுக்குக் கப்பல் கிடையாது. போடியில் காலைக் காப்பியைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினால் மதியத்துக்குள் இன்னொரு ராஜ்யம் வந்துவிடும். அங்கே போலீசுக்காரர் வேறு பாஷை பேசுவார், மழை வேறு மாதிரி பெய்யும், அடுப்பில் வேறு எதுவோ வெந்துகொண்டிருக்கும்.

ராஜா போய்விட்டார். திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து மலைக்கு அந்தப்பக்கம் ஒரு ராஜ்யம், இந்தப்பக்கம் நம்முடைய சென்னை ராஜ்யம். இரண்டும் ஒரே இந்தியாதான் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஆனால் அதைப் போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் இருக்கும் என் அம்மாவிடம் சொல்லி ஜெயிக்க முடியவில்லை.

விஷயம் என் தங்கை ராசம்மாவின் கல்யாணம். மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து கேட்டிருந்தார்கள். நம் ஆட்கள்தான், தாத்தா காலத்தில் கம்பம் பக்கமிருந்து காடு திருத்தப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். மாப்பிள்ளை முத்தையா ஏலக்காய் விற்கப் போடிக்கு வந்து போகிறவன். ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்துவிட்டு ராசம்மா என் காதில் மட்டும், “எனக்குச் சம்மதம்க்கா” என்றாள். அம்மா காதில் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை.

அம்மாவுக்குக் காரணம் இருந்தது. அவளுடைய தம்பி, எங்கள் மாமா, ஏலக்காட்டுக் காவலுக்கு மலையேறியவர். மலைக்காய்ச்சலோடு கம்பில் தூளி கட்டித்தான் அவரை இறக்கிக்கொண்டு வந்தார்கள். சிலமலை எல்லையில் தூளியை இறக்கியபோது உயிர் இல்லை. “அது வேற நாடுடி. அங்க போன ஆளு நம்ம ஆளா திரும்பி வராது” என்பாள் அம்மா. அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் பெரிய வாய் எனக்குத்தான். விடாமல் பேசினேன். கடைசியில், “நீயே போயிப் பாரு. நீ சரின்னா சரி. நீ வேண்டாமின்னா அந்தப் பேச்சையே எடுக்கப்படாது” என்று பாரத்தை என் தலையில் வைத்துவிட்டாள். ராசம்மா என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்களில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற பெண் வீட்டார் அங்கே கை நனைக்கக் கூடாது. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். காப்பி, வெற்றிலை வரை தோஷமில்லை. பிடிக்காவிட்டால் பசியோடு திரும்பி வரலாம். சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றால் ஊர் காறித் துப்பும். அதனால் அம்மா விடியுமுன் எழுந்து ஒரு பெரிய தூக்குவாளி நிறையப் புளிச்சோறு கிளறினாள். நல்லெண்ணெயும் வறுத்த வேர்க்கடலையும் தாராளமாகப் போட்டு, மேலே வாழையிலை வைத்து அமுக்கி மூடினாள். “ரெண்டு நாளைக்குக் கெடாது. அங்க ஒரு பருக்க வாயில வச்சிராதீக” என்று எனக்கும், என்னைவிட அதிகமாக என் வீட்டுக்காரருக்கும் சொன்னாள். அவருடைய வயிற்றை அம்மா அறிவாள்.

ஜீப்பு ஓட்டியவர் பரமன் என்று ஒருவர். பாதித் தமிழ், பாதி மலையாளம், மீதி ஹாரன் சத்தம். முன்னால் நாங்கள், பின்னால் தோட்டத்து ஆட்கள், மண்ணெண்ணெய் டின்கள், கடப்பாரைகள், ஒரு ஆட்டுக்குட்டி. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் வண்டி இருமத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு அது பின்னால் போய்த்தான் முன்னால் வந்தது. ஒரு வளைவில் பரமன் முன் சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “லோடு சாஸ்தி. நீங்க ரெண்டு பேரும் எறங்கி அந்தக் குறுக்குப் பாதையில ஏறுங்க ஆத்தா. மேல் வளைவுல நிப்பாட்டுறேன், வெரசா வந்துருங்க” என்றார்.

இறங்கினோம். தூக்குவாளி வண்டியிலேயே இருந்தது. மேல் வளைவுக்கு நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வண்டி இல்லை. அதற்கும் மேல் வளைவில் அதன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

“ஏத்தத்துல நிப்பாட்டுனா வண்டி பொறத்தால போயிரும்ல? அதான் நிப்பாட்டல” என்று என் வீட்டுக்காரர் பரமனுக்காக வாதாடினார். யார் மேலும் இவருக்குக் கோபம் வராது. எனக்கு வந்தது. இருவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொண்டு ஏறினேன்.

ஆனால் நடந்ததில் ஒரு லாபம். வண்டியில் போயிருந்தால் தெரியாதது நடந்ததால் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் கீழே எங்கள் பள்ளத்தாக்கு காய்ந்து கிடந்தது. அங்கங்கே கிணற்றைச் சுற்றிப் பச்சை, மற்றதெல்லாம் செம்மண். ஆவணிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேட்டின் மேல் மேகம் குந்தியிருந்தது. மேற்கிலிருந்து வருகிற மேகம் தன் மூட்டையை எல்லாம் அந்தப்பக்கமே அவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் எட்டிப் பார்க்கிறது. இதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் மேல் எனக்குச் சொந்தக் கோபம் வந்தது.

இரண்டு தேசத்தை உண்டாக்கியது ராஜாக்கள் என்று சரித்திரப் புத்தகம் சொல்கிறது. நான் சொல்கிறேன், உண்டாக்கியது மழை. ராஜாக்கள் பிற்பாடு வந்து சாவடி கட்டி வசூல் செய்தார்கள். மழை பெய்கிற பக்கம் ஏலமும் மிளகும் வந்தன. அவற்றின் வாசனை பிடித்துக்கொண்டு கடல் தாண்டி ஆட்கள் வந்தார்கள். அந்த ராஜா தன் காட்டைத் திருத்த ஆளில்லாமல் நம் பக்கத்துக் குடியானவர்களை உள்ளே விட்டார். மழை பெய்யாத பக்கம் நாம் கிணறு தோண்டினோம், சோளமும் கம்பும் போட்டோம், பற்றாதபோது மலையேறினோம். மலை இல்லையென்றால் நாமும் அவர்களும் ஒரே ஊர்க்காரர்களாகத் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். மலை இருப்பதால் பெண் கொடுத்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதை இவரிடம் சொன்னேன். “பசிக்குது” என்றார்.

இரண்டு ராஜ்யத்துக்கும் எல்லையான மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. பழைய சுங்கச் சாவடியில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். ராஜா போன பிறகு சுங்கம் போய்விட்டது. ஆனால் சோதனை போகவில்லை. ரேஷன் காலமாகையால் மேலே போகிறவர்களிடம் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் பக்கம் மதுவிலக்காகையால் கீழே வருகிறவர்களிடம் சாராயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நாட்டுக்குச் சோறு குறை, இந்த நாட்டுக்குத் தாகம் அதிகம் என்று இரண்டு ராஜ்யங்களும் ஆளுக்கொரு போலீசுக்காரரை நிறுத்தி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்தப்பக்கத்துக் காவலர் குடைக்கடியில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். “அரி உண்டோ?” என்றார். அரிசி உண்டா என்று அர்த்தம். எங்கள் கையில் வெற்றிலைப் பையைத் தவிர ஒன்றுமில்லை. தூக்குவாளியோடு ஒரு ஜீப்பு போனதா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: “ஆ, அந்தப் புளிச்சோறு உங்களுடையதா? அரிசிக்குத்தான் தடை. வெந்த சோற்றுக்கு ஒரு தடையும் இல்லை. அரிசியா சோறா என்று பார்க்க வேண்டியது என் கடமை. ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். நல்ல சோறு.”

“பிடியா, படியா?” என்று இவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நாங்கள் முத்தையா வீட்டுக்குப் போகிறோம் என்றதும், ஜீப்பு அந்தப் பாதையில்தான் போயிருக்கிறது, சோறு அங்கே பத்திரமாக இருக்கும் என்று காவலர் தைரியம் சொன்னார். அந்தத் தைரியத்தில் சாயாக் கடையில் ஆளுக்கொரு டீயோடு நிறுத்திக்கொண்டோம். அந்த டீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊரில் பால் தூக்கலாக இருக்கும். அங்கே சாயம் தூக்கலாக இருக்கிறது. குளிருக்கு அதுதான் சரி.

மேட்டுக்கு அந்தப்புறம் இறங்கினால் சத்தம் மாறிவிடுகிறது. எல்லா இடத்திலும் சொட்டுச் சத்தம். மரங்கள் வெயிலை மறைத்துக்கொண்டு நிற்க, அடியில் ஏலச் செடிகள் ஆளுயரத்துக்கு மேல். காய் மட்டும் மண்ணோடு மண்ணாகத் தரையில் காய்க்கிறது. பெண்கள் குனிந்து பழுத்த காயாகப் பார்த்துக் கிள்ளுகிறார்கள். நாங்கள் வழி கேட்டதும் ஒருத்தி நிமிர்ந்து, “வெள்ளம் ஓடுற வழியே போங்க அண்ணே, தப்பாது” என்றாள். உசிலம்பட்டிக்காரி; தண்ணீர் அவள் வாயில் வெள்ளமாகிவிட்டது. அட்டைகள் எங்களை நன்றாக உபசரித்தன. பரமனுக்குக் கொடுக்க வேண்டியதை எல்லாம் என் காலில் வசூல் செய்துகொண்டன.

முத்தையாவின் வீடு சரிவில் இருந்தது. நம் ஊரைப் போல் மொட்டை மாடி கிடையாது. தகரக் கூரை குத்துச் சரிவாக இறங்கியது. பக்கத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து புகையும் ஏல வாசனையும் வந்தன. அவனுடைய தாயார் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். கறுத்து மெலிந்த மனுஷி. நம் ஊர்ச் சேலைக் கட்டுக்கு மேல் ஒரு கம்பளித் துணி. “வாங்க, வாங்க ஆத்தா, வாங்க தம்பி. தணுப்பு தாங்காது, உள்ள வாங்க” என்றார். குளிர் அங்கே தணுப்பு. பாலில்லாத கட்டன் காப்பி வந்தது. குடித்தோம். அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். அத்தை என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதனால் “ஏம்மா” என்றே பேசினேன்.

“ஏம்மா, ஜீப்புல ஒரு தூக்குவாளி வந்துச்சா?”

“வராம?” என்று உள்ளே போனவர், சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்றிருந்த தூக்குவாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காலி.

“என்னா ருசி! உங்க ஆத்தா குடுத்துவிட்டாகளாக்கும். அரிசிச் சோறு கண்ணுல பாத்து எம்புட்டு நாளாச்சு! ரேசன்ல குடுக்குறது கஞ்சிக்கே காணாது, எந்நேரமும் கெழங்குதேன். ஸ்டோருல சோலி பாக்குற புள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு கை குடுத்தேன். எல்லாம் உங்க ஆத்தாளத்தேன் வாழ்த்துச்சுக.”

இவர் தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சோற்றைப் பற்றிப் பேசும்போது அந்த அம்மாள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தால் யாருக்கும் வராது. ஏலக்காய் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிற வீடு. ஒரு வாளிச் சோற்றுக்கு இப்படி. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஸ்டோரிலிருந்து வந்து நின்ற முத்தையாவுக்குத்தான் முதலில் புரிந்தது. “ஏத்தா, அது அவுக கட்டுச்சோறுத்தா. நம்ம வீட்டுல கை நனைக்காம இருக்கிறதுக்குக் கொண்டாந்தது” என்றான். அந்த அம்மாள் வாயில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்ந்தது. அடுப்பில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு வெந்து மணந்தது. யாரும் எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எங்களுக்குச் சங்கடம் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர்களும் சாப்பிடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விருந்தாளி பட்டினி கிடக்கத் தாங்கள் மட்டும் எப்படித் தின்பது என்று தாயும் மகனும் கிழங்குச் சட்டியை மூடி வைத்துவிட்டார்கள். இந்த வழக்கமும் நம் வழக்கம்தான். மலையேறினபோது பாக்குவெட்டியோடு சேர்த்து அதையும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நான் வந்த காரியத்தைக் கேட்டேன். “ஏம்மா, இங்க காய்ச்சல் உண்டா?”

இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் பேசாமல் இறங்கியிருப்பேன். அந்த அம்மாள் அடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “உண்டு. எம்மகளுக்கும் உங்க தங்கச்சி வயசுதேன் இருக்கும், இருந்திருந்தா. இந்தக் காய்ச்சல்லதேன் போனா. கொசு மருந்தடிக்கிற ஆளுக வந்தப்ப அக்கம்பக்கத்துல எல்லாரும் பயந்து கதவச் சாத்திக்கிட்டாக. நான் தொறந்து விட்டேன். அந்தா பாருங்க செவத்துல வெள்ளையா. அடிச்சதுலருந்து இந்த வீட்டுல யாரும் காய்ச்சல்ல படுக்கல. ஆனா இனிமே வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன் ஆத்தா. வந்துச்சுன்னா ஜீப்புக்குக் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். எம்புள்ள முதுகுல தூக்கிக்கிட்டாச்சும் போடி ஆசுபத்திரிக்குக் கொண்டாந்துருவேன். அம்புட்டுதேன் என்னால சொல்ல முடியும்.”

எனக்கு மாமாவின் தூளி ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன். இவரும் மூக்கை உறிஞ்சினார். அது பசியா துக்கமா என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. நான் தோட்டத்தைச் சுற்றி நடந்தேன். மேற்கே மலைக்குப் பின்னால் மலை, நீலமாக, கடல் வரைக்கும். கிழக்கே மேட்டைத் தாண்டினால் அம்மா. வரைபடத்தில் நான் பழுப்பு மையால் ஒரு கோடு இழுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற இடம் இது. அந்தக் கோட்டுக்குள் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் நேற்று ராத்திரி இரண்டு பேர் எங்களுக்காகப் பட்டினி கிடந்தார்கள். முத்தையா ஸ்டோரில் புகைக்குள் நின்று காயைப் புரட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க என்ன முடிவு சொன்னாலும் சரிதேன். ஆனா சோத்துக்கு மட்டும் எங்காத்தாளக் கோவிச்சுக்காதீக” என்றான். தனக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேரே அடுப்படிக்குப் போனேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். “அத்தே, கெழங்கு வைங்க” என்றேன்.

அவர் வாழையிலையில் கிழங்கை வைத்தார். காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்த துவையல். சூடான கிழங்கைத் துவையலில் தொட்டு வாயில் வைத்தால் காதில் புகை வருகிறது. அப்புறம் ஒரு இனிப்பு. அந்த மழைக்கும் குளிருக்கும் இதைத்தான் தின்ன வேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள் புத்திசாலிகள். இவர் நான் சொல்வதற்கு முன்பே பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது துண்டை வாங்கிவிட்டார். சம்பந்தியம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதார். அப்புறம்தான் தன் வாயில் ஒரு துண்டு போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பரமனின் ஜீப்பு சோதனைச் சாவடியைத் தவிர எங்கேயும் நிற்காமல் போனது, இந்தத் தடவை எங்களையும் வைத்துக்கொண்டு. மேட்டில் நம் பக்கத்துப் போலீசுக்காரர் காலித் தூக்குவாளியை முகர்ந்து பார்த்தார். ஏல வாசனைதான் அடித்தது.

சாயங்காலம் சிலமலைக்குப் போனோம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். ராசம்மா கதவுக்குப் பின்னால் நிற்பது பாவாடை நுனியில் தெரிந்தது. அம்மா எங்களை வா என்றுகூடச் சொல்லவில்லை. தூக்குவாளியை வாங்கித் திறந்து பார்த்தாள். “புளிச்சோறு பத்துச்சா?”

“நாங்க சாப்பிடலம்மா. அவுக சாப்பிட்டாக.”

“அவுகளா? அப்ப நீங்க?”

“அவுக வீட்டுக் கெழங்கச் சாப்பிட்டோம்.”

அம்மாவின் முகம் கறுத்தது. நான் எதையும் மறைக்கவில்லை. காய்ச்சல் உண்டு என்று சொன்னேன். செத்துப்போன அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். சுவரில் மருந்து அடித்த கறையை, சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொன்ன வாயை, மூடி வைத்த கிழங்குச் சட்டியை, எல்லாம் சொன்னேன். அம்மா மாமாவின் பேரைச் சொல்லி ஒரு குரல் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அந்த அம்மா சோத்த என்ன சொன்னா?”

“கண்ணுல பாத்து எம்புட்டு நாளாச்சுன்னாக. ஸ்டோருல சோலி பாக்குற புள்ளைகளுக்கெல்லாம் பங்கு வச்சாகளாம். உன்னய வாழ்த்துனாகளாம்.”

அம்மா தூக்குவாளியைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். எங்கள் வழக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். அந்த ஊரே பந்தியில் உட்காரும்.

“மேட்டுல அரிசியத்தான பிடிக்கிறான்? சோத்தப் பிடிக்க மாட்டான்ல?” என்றாள்.

“சோத்துக்குத் தடை இல்லைன்னு அந்தப் போலீசுக்காரரே சொன்னாரும்மா.”

“அப்பச் சரி. கல்யாணச் சோறு அம்புட்டையும் இங்கயே வடிச்சு, சுடச்சுட ஜீப்புல ஏத்திற வேண்டியதுதேன். பெரிய அண்டா யார் வீட்டுல இருக்குன்னு விசாரி” என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னாலிருந்து ராசம்மா ஓடி வந்து, என்னைத் தாண்டிப் போய், அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.